யார் காசில் யார் பேச்சு?

கீழக்குயில்குடி அய்யனார் கோயிலைத் தாண்டிச் சமணர் மலையில் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள்; கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர்கள். ஒன்று அச்சணந்தியின் தாய் குணமதியார் செய்வித்தது. குரண்டிப் பள்ளி ஆசிரியர்களின் மாணாக்கர் பெயர்களும் இந்த மலையில் உண்டு. மனமுவந்து கொடுத்தார்கள், கல்லில் பெயர் நின்றது.

கல்லூரிப் பேரவைக் கட்டணம் அப்படியா? சேர்க்கை ரசீதில் அதுவும் ஒரு வரி, கட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் காசில் கடவுள் இல்லை என்பவர் மேடையேறினால் பக்தனுக்கு உறுத்தும்; ஆன்மிகப் பேச்சாளர் வந்தால் நாத்திகனுக்கு.

விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் சிலர் இதையே வழக்காக்கினார்கள். கட்டணம் வாங்கலாம், ஆனால் கருத்தைப் பார்த்துப் பணம் பிரிக்கக் கூடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2000இல். மாணவர் வாக்கெடுப்பால் பணம் ஒதுக்குவதை மட்டும் அது சந்தேகத்தோடு பார்த்தது. பெரும்பான்மை கைதூக்கினால்தான் மைக் என்றால் சிறுபான்மை எங்கே பேசும்?

குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவென்றே செலவாகும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு. கட்டணம் வேறு, வரி வேறு என்பார் வக்கீல். மனசாட்சிக்கு அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் பிடிபடாது.

உண்மைக்குப் பல பக்கம் என்ற அநேகாந்தவாதம் இந்த மலைச் சமணர்களின் சொத்து. அதை ஏற்றவர் எதிராளியின் பேச்சைக் கேட்கலாம், தப்பில்லை. அவருக்குப் போடும் சால்வைக்கும் காசு கொடுக்கவேண்டுமா என்பதுதான் சிக்கல்.