காத்திருக்கும் இளவரசி

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுவது ஒரு கதாசிரியனுக்கு அழகா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். விடுமுறைக்கு வந்த என் மகன், "பொழுது போகாவிட்டால் இதைப் பாருங்கள், அப்பா" என்று வைத்துவிட்டுப் போன ஒரு சிறு கருவி என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. அந்த இரவுகளுக்கு நான் ஏதாவது கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் 'செல்டா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கியோட்டோவை அடுத்த நாட்டுப்புறத்தில் சிறுவனாகக் காடும் குகையுமாய்த் திரிந்த நினைவே அதற்கு வித்து என்று அதைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் 2017-இல் வந்தது 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'. முன்னவை பலவற்றில் இதை முடித்தால்தான் அதற்குப் போகலாம் என்ற கட்டு இருந்தது. இதில் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

லிங்க் என்ற வீரன் நூறாண்டு உறக்கத்திலிருந்து விழிக்கிறான். ஹைரூல் நாடு பாழாய்க் கிடக்கிறது. கோட்டைக்குள்ளே இளவரசி செல்டா, கானன் என்ற பேரழிவைத் தன் சக்தி ஒன்றாலேயே நூறு வருஷமாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறாள். அந்தச் சக்தி தளர்ந்து வருகிறது. ஒரு கிழவர் இதையெல்லாம் சொல்லி, காற்றில் மிதக்க ஒரு துணிச் சிறகும் தந்து அனுப்புகிறார். நேரே கோட்டைக்குப் போகலாம், யாரும் தடுப்பதில்லை.

நான் போனேனா? காளான் பறிக்கப் போனேன்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். கண்ணில் பட்ட எந்த மலையிலும் ஏறலாம். மழை வந்தால் பாறை வழுக்குகிறது. இடி இடிக்கும்போது இரும்பு வாளைச் சுமந்து நின்றால் மின்னல் தலையில் இறங்குகிறது. இயற்கைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த விளையாட்டு வேறு உண்டா என்று வியந்தேன். வாள்கள் சீக்கிரம் உடைந்துபோவது பலருக்கு எரிச்சலாம், எனக்கு இல்லை. ஆனால் கல்லுக்கடியிலும் மரத்துச்சியிலும் ஒளிந்திருக்கும் கோரோக் என்னும் குட்டி ஆவிகள் தொள்ளாயிரம் எதற்கு? அத்தனையும் தேடிப் பிடித்தவனுக்குக் கடைசியில் கிடைப்பது பொன்னிறச் சாணி உருண்டை போன்ற ஒரு பரிசு. செய்தவர்களே சிரித்திருப்பார்கள்.

என்னை உறுத்தியது வேறு. இரண்டு மாதம் நான் சமைத்தேன், குதிரை பிடித்தேன், மலை ஏறினேன். எங்கே நின்றாலும் தொலைவில் அந்தக் கோட்டை கருமேகம் சூழத் தெரிந்துகொண்டேயிருந்தது. என் தாமதத்தால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. பத்து நாள் கழித்துப் போனாலும், பத்து வருஷம் கழித்துப் போனாலும் அவள் அப்படியே காத்திருப்பாள். 2000-இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' இவ்வளவு தாராளம் காட்டவில்லை. அங்கே மூன்றே நாளில் நிலா ஊர்மேல் விழும். காலத்தைத் திருப்பி முதல் நாளுக்குப் போகலாம்தான். போனால், நேற்று யார் கண்ணீரைத் துடைத்தோமோ அவர் மறுபடி அழுதுகொண்டிருப்பார்.

என் அக்கா ஊரில் படுத்திருந்தபோது ஒரு தொடர்கதையை முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதினேன். முடித்துவிட்டுத்தான் போனேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யாரும் நஷ்டப்படாமல் எனக்கு மட்டும் கிடைக்கிற சுதந்திரத்தை, அதற்குப் பிறகு என்னால் முழுதாக நம்ப முடிந்ததில்லை.

ஆனால் இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. இளவரசி எடுத்து வைத்த பன்னிரண்டு படங்கள் லிங்கிடம் இருக்கின்றன. அவை எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிப் போனால் மறந்துபோன நினைவுகள் திரும்புகின்றன. சக்தி வரவில்லையே என்று அவள் குமைந்தது, ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பிரார்த்தனை செய் என்று தகப்பன் கடிந்தது, முதலில் லிங்கையே அவள் வெறுத்தது எல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. நேரே கோட்டைக்கு ஓடியவன் முகம் தெரியாத ஒருத்தியைத்தான் காப்பாற்றுவான். சுற்றித் திரிந்ததால்தானே நான் அவளை அறிந்தேன்? அப்படியானால் என் காளான்களையும் குற்றத்தில் சேர்ப்பதா? பாதியைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

எல்லாம் முடிந்தபின் அவள் லிங்கைப் பார்த்து, என்னை உண்மையிலேயே நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதாகக் காட்டவில்லை. பன்னிரண்டில் இரண்டு படங்களின் இடத்தை நான் கண்டுபிடித்திருக்கவில்லை.