விழப்போகும் கல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஊர்களுக்கெல்லாம் தொலைவான ஒரு பாலைநிலத்தில் கொப்லின் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. கொப்லின் என்றால் குட்டிப் பூதம். செந்நிறக் கற்கள் காளான்களாகவும் தலை பெருத்த குள்ளர்களாகவும் ஆயிரக்கணக்கில் நிற்கும் பொட்டல் வெளி அது. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சமவெளியில் படிந்த மணலும் வண்டலுமே இன்று இப்படிக் கல்லாகி நிற்கின்றன. மழையும் உறைபனியும் காற்றும் கீழேயுள்ள மென்மையான படையை முதலில் அரித்துவிட, மேலேயுள்ள வன்மையான படை தலையாக எஞ்சுகிறது. கழுத்து மெலிய மெலியப் பூதத்தின் அழகு கூடும், ஆயுள் குறையும்.

1964 முதல் இது மாநிலப் பூங்காவாக இருக்கிறது. பள்ளத்தாக்கினுள் வேலி கிடையாது, இன்ன பாதையால்தான் போகவேண்டும் என்ற விதியும் கிடையாது. கற்களுக்கிடையே மனம்போல நடக்கலாம். நம்மிடையே அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறதே, ஏறத்தாழ அப்படித்தான் அந்த வெளி வருவோரின் கையில் விடப்பட்டிருக்கிறது.

2013 ஒக்டோபரில் அங்கு சென்ற சாரணர் குழுவொன்றின் தலைவர்களில் ஒருவர், அத்தகைய கல்லொன்றைத் தோள்கொடுத்துத் தள்ளி வீழ்த்தினார். இன்னொருவர் அதை வீடியோவில் பதிவு செய்தார். கல் உருண்டதும் சிரிப்பு, ஆரவாரம், கைதட்டல். வீடியோ உலகெங்கும் பரவியது. சாரணர் பொறுப்பிலிருந்து அவர்கள் நீக்கப்பட்டனர். 2014 இல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப் பணத்துடன் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் உள்ளாயினர்.

சட்டத்துக்கு இது எளிய வழக்கு. பொதுச் சொத்துக்குச் சேதம், அவ்வளவுதான். ஒழுக்கத்துக்கு அவ்வளவு எளிதல்ல. இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "கல்லுக்கு நோகுமா சேர்?" என்றான். கேலியாகக் கேட்டானெனினும் கேட்கவேண்டிய வினா அதுவே. நோகாத ஒன்றுக்கு யார்தான் எப்படி அநீதி இழைக்க முடியும்?

மேலும், அந்தக் கல் எப்படியும் விழத்தான் போகிறது. அதே மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 'வோல் ஆர்ச்' என்ற பெரும் கல்வளைவு 2008 ஓகஸ்டில் ஓரிரவில் தானாகவே இடிந்தது. கிளென் கன்யனில் இருந்த இரட்டை வளைவு 2024 ஓகஸ்டில் விழுந்தது. காற்றைக் கைது செய்தவர் எவருமில்லை. எல்லோரும் ஒருநாள் மௌத்தாகத்தான் போகிறோம் என்பது கொலைக்கு நியாயமாகாது என்று இதற்குச் சிலர் பதில் சொல்லக்கூடும். எனக்கு அது போதவில்லை. மனிதன் தன் எஞ்சிய நாட்களை இழக்கிறான். கல் எதை இழக்கிறது?

அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய தத்துவ அறிஞர் ரிச்சர்ட் ரூட்லி 1973 இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகில் எஞ்சியிருக்கும் கடைசி மனிதன், தன்னால் இயன்றமட்டும் விலங்குகளையும் செடிகொடிகளையும் அழித்துவிட்டுச் சாகிறான்; பாதிக்கப்பட வேறு மனிதர் எவருமில்லை; அவன் செய்தது தவறா? தவறு என்றே பலருக்கும் மனம் சொல்லும். ரூட்லி கேட்டது உயிருள்ளவை பற்றி. கல்லுக்கு அதை நீட்டினால் என் மனம் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. தவிரவும், கடைசி மனிதனைக் கற்பனை செய்யும்போது நாம் ஒளிந்திருந்து அவனைப் பார்க்கிறோம். பார்வையாளர் இல்லாத உலகை நினைப்பது அத்தனை சுலபமல்ல.

ஆகவே கல்லை விட்டுத் தள்ளியவர்களின் நியாயத்துக்கு வருவோம். கல் ஆடிக்கொண்டிருந்தது, சிறுவர் எவர்மீதேனும் விழுந்திருக்கும், உயிர்காக்கவே தள்ளினோம் என்பது அவர்களின் வாதம். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. குழந்தையா கல்லா என்று வந்தால் குழந்தைதான். பிள்ளைகளோடு காலங்கழிக்கும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அப்படி ஒரு தெரிவு அங்கு இருந்ததா? ஆர்ச்சஸ் பூங்காவில் ஏறத்தாழ 90 மீற்றர் அகலத்துக்கு மெல்லிய நாடாபோல வளைந்து நிற்கும் 'லாண்ட்ஸ்கேப் ஆர்ச்' இருக்கிறது. 1991 செப்டெம்பரில் அதன் அடிப்புறத்திலிருந்து சுமார் 18 மீற்றர் நீளப் பாளமொன்று பெயர்ந்து வீழ்ந்தது. கீழே நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். இனியும் விழலாம் என்பது எவருக்கும் தெரிந்ததே. வளைவை யாரும் இடிக்கவில்லை. அதன் கீழாகச் சென்ற நடைபாதையை மூடினார்கள். மனிதன் ஒதுங்கிக்கொண்டான், கல் தன் காலத்துக்கு நிற்கிறது. கொப்லின் பள்ளத்தாக்கிலும் பிள்ளைகளை அப்பால் அழைத்துப்போய்விட்டுக் காவலரிடம் சொல்லியிருக்கலாம். ஆபத்தைக் கண்டதும் தான் விலகும் எண்ணம் வராமல், எதிரே நிற்பதை அகற்றும் எண்ணமே முதலில் வருகிறதே, அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆபத்தை நீக்கியவன் பெருமூச்சு விடுவான். அவர்கள் ஆரவாரித்தார்கள். சாரணர் தலைவரிடமிருந்து பிள்ளைகள் எதைப் படித்திருப்பார்கள் என்பதை ஆசிரியர் எவரும் ஊகிப்பர்.

இத்தோடு நிறுத்தினால் அந்த இருவரை மட்டும் ஏசியதாக முடியும். அந்தப் பாலைநிலத்தில், கற்களுக்கிடையேயுள்ள மண்ணின் மேல் பல இடங்களில் கறுத்துச் சொரசொரத்த பொருக்கொன்று படர்ந்திருக்கும். அது உயிருள்ளது. சயனோபற்றீரியா நுண்ணுயிர்களும் இலைக்கன்களும் பாசிகளும் சேர்ந்து மணலைப் பிணைத்துக் காற்றுக்குப் பறக்கவிடாமல் வைத்திருக்கின்றன. மண்ணுக்கு நைதரசன் ஊட்டுகின்றன. ஒரு சப்பாத்து மிதித்தால் நொறுங்கும். மீண்டும் வளரப் பல தசாப்தங்கள் செல்லலாம். கல்லின்மேல் காதல் கொண்டு, நல்லதொரு கோணத்தில் படமெடுக்க இரண்டடி விலகிப்போகிறவர்தான் பெரும்பாலும் அதை மிதிக்கிறார். விழும் ஓசை இல்லை. வீடியோ எடுக்க எதுவுமில்லை; வழக்கும் இல்லை.

வெறும் பாறையிலோ, வறண்ட ஓடையின் மணலிலோ மட்டும் கால்வைத்து நடக்கும்படி அங்கு வருவோருக்குச் சொல்கிறார்கள். அப்படி நடந்தால் சுற்றிப் போகவேண்டும். கொளுத்தும் வெயிலில் கூடுதலாக அரைமணி நேரமும் ஆகலாம்.