பிறர் பருவத்தில் பறித்த பழம்

தவறான அளவுகோலால் அளந்தால் ஒரு பொருளின் நிறையும் குறையாகத் தெரியும் என்பது பழைய விஷயம். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அளவுகோலை மாற்றிவிட்டால் பொருள் தன் நிஜ ரூபத்தில் தெரிந்துவிடும், இடைக்காலத்தில் அதற்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை என்ற நிம்மதி அதில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இந்த நிம்மதிக்கு விரோதமானது. தவறான அளவுகோல் இல்லாத குறையைக் காண்பதோடு நிற்பதில்லை. அந்தக் குறையைப் பொருளுக்குள் உண்டாக்கியும் விடுகிறது. அதன் பிறகு குறை நிஜம். நாக்கில் வைத்தால் தெரிவது. இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சாட்சியம் இலக்கியத்திலிருந்து அல்ல, ஒயின் திராட்சையிலிருந்து வருகிறது.

ஒயின் நமக்குப் பரிச்சயமான பானம் அல்ல. இங்கே பேசப்படும் ரகங்களில் பலவற்றை நான் படித்துத்தான் அறிந்திருக்கிறேன். அதைத் தகுதியாகவோ தகுதியின்மையாகவோ முன்வைக்கவில்லை. என் பிரச்னை ருசி அல்ல, ருசியைப் பற்றிய தீர்ப்பு. ஒரே ஒரு ரகம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மற்ற தேசங்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று வழங்கும் ரகம்தான். மஸ்கட் இனத்தின் வாசனைக்குக் காரணமான ஜெரானியால் போன்ற பொருள்கள் ரோஜாவிலும் உண்டு. பன்னீர் என்று பெயர் சொன்னவர்களுக்கு ரசாயனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தது, போதும். பொருளிலிருந்தே பிறந்த இப்படிப்பட்ட பெயர் அபூர்வம். பெரும்பாலான பெயர்கள் பொருளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பவை.

ஒயின் ரகங்களின் பெயர்கள் அப்படிப்பட்டவை. காபர்னே சோவிஞோன் என்றால் சிறிய பழம், தடித்த தோல், அதனால் அடர்ந்த நிறம், கடும் துவர்ப்பு. பீப்பாயிலும் புட்டியிலும் வருஷக்கணக்கில் கிடந்து அடங்க வேண்டியது. மெர்லோ என்றால் மென்மை, பிளம் பழத்தின் சதைப்பற்று. பினோ நுவார் மெல்லிய தோலுடையது, நிறம் வெளிர்ந்தது, வெயில் மிகுந்த பிரதேசத்தில் தன் லட்சணத்தை இழந்துவிடுவது. ரீஸ்லிங் புளிப்பின் பலத்தில் நிற்பது. பல வருஷம் வைத்திருந்தால் அதில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாசனை எழும், தெரிந்தவர்கள் அதைக் குறை என்று சொல்வதில்லை. சோவிஞோன் பிளாங்கில் அறுத்த புல்லின் மணம். ஷார்டனே அதிகம் பேசாத ரகம். ஷாப்ளியின் குளிரில் கறாரான புளிப்பாகவும், கலிபோர்னியாவின் வெயிலில் விளைந்து புது ஓக் பீப்பாயில் கிடந்தால் வெண்ணெயும் வனிலாவுமாகவும் மாறிவிடும். சிராவில் மிளகு. இது வெறும் உவமை அல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் அந்தக் காரத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் காட்டினார்கள். இந்த சிராவுக்கே ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று பெயர். அங்கே சிலர் பழுத்துக் கனத்த ஒயினுக்கு ஷிராஸ் என்றும், பிரான்ஸின் ரோன் பகுதிப் பாணியில் அடக்கமாகச் செய்ததற்கு சிரா என்றும் எழுதுகிறார்கள். கொடி ஒன்றுதான். பெயர் மட்டும் கொடியின் அடையாளமாக இல்லாமல், குடிப்பவனுக்குத் தரும் வாக்காக ஆகிவிடுகிறது.

இந்தக் குணங்கள் விதை வழியாக வருபவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். காபர்னே சோவிஞோன் விதையை நட்டால் காபர்னே சோவிஞோன் முளைக்காது. தாய் போலவும் இல்லாத, தந்தை போலவும் இல்லாத வேறொரு கொடி முளைக்கும். அந்த ரகமே அப்படி முளைத்த ஒரு பிள்ளைதான். காபர்னே ஃப்ரானும் சோவிஞோன் பிளாங்கும் எப்போதோ தற்செயலாகக் கூடியதில் பிறந்தது என்று டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸும் கேரல் மெரிடித்தும் 1997-ல் மரபணு வழியாக நிறுவினார்கள். ஷார்டனேயின் பெற்றோரில் ஒன்று பினோ. மற்றது கூவே பிளாங் என்ற, மட்டமானது என்று நூற்றாண்டுக்கணக்கில் இகழப்பட்ட ரகம். குலப்பெருமை பேசுகிறவர்கள் யோசிக்கலாம். ஒரு ரகம் அதுவாகவே நீடிக்க வேண்டுமானால் மனிதன் குச்சியை ஒடித்து நட வேண்டும், அல்லது ஒட்டுக் கட்ட வேண்டும், தலைமுறை தலைமுறையாக. ஆகவே தனித்துவம் என்று நாம் கொண்டாடுவது பாதி இயற்கை, பாதி கைமாற்று. கைமாறும்போது குச்சி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தும், பெயர் வழியில் தொலைந்து போகலாம்.

அப்படித்தான் நடந்தது. கார்மெனேர் என்பது பிரான்ஸில் போர்தோவின் பழைய ரகங்களில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அங்கிருந்து சிலிக்குப் போன கொடிக்குச்சிகளோடு அதுவும் போயிற்று. பிறகு 1860-களிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்களில் ஒட்டுக் கட்டி மறுபடி நட்டபோது, குளிரில் பூ உதிர்த்துச் சரியாகக் காய்க்காத கார்மெனேரைப் போர்தோக்காரர்கள் அநேகமாகக் கைவிட்டார்கள். சிலியை அந்தப் பூச்சி எட்டவில்லை. சொந்த ஊரில் மறக்கப்பட்ட ரகம் அங்கே மெர்லோவோடு மெர்லோவாக, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. 1994-ல் மான்பெலியேயிலிருந்து வந்த கொடியியல் அறிஞர் ழான்-மிஷேல் பூர்சிகோ மைப்போ பள்ளத்தாக்கின் தோட்டத்தில் ஒரு கொடியின் பூவைப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த பெயர் ஒரு பூவில் முடிந்தது.

எனக்கு முக்கியமானது இந்தக் கண்டுபிடிப்பின் சுவாரஸ்யம் அல்ல, அதற்கு முன்னால் நடந்துகொண்டிருந்த விஷயம். கார்மெனேர் மெர்லோவுக்குச் சில வாரங்கள் கழித்துப் பழுப்பது. மெர்லோ என்று நம்பப்பட்டதால் மெர்லோவின் அறுவடை நாளில் அதையும் பறித்தார்கள். பழுக்காத கார்மெனேரில் பைரஸீன் என்ற பொருள் மிகுந்திருக்கும். அது பச்சைக் குடைமிளகாயின் நெடி. வெயிலும் நாளும் ஏற ஏறக் குறைவது. குறைவதற்கு அதற்கு நாள் தரப்படவில்லை. ஆகவே அந்த ஒயினில் பச்சை நெடி இருந்தது. குடித்தவர்கள், மெர்லோவின் மென்மையைப் பெயரில் படித்துவிட்டுக் குடித்தவர்கள், இது சரியாக வராத மெர்லோ என்றார்கள்.

இங்கே யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை. நாக்கு சரியாகத்தான் சொன்னது. நெடி கோப்பைக்குள் இருந்தது, கற்பனை அல்ல. பாரபட்சம் கொண்ட தீர்ப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. தீர்ப்பு சரி, பொருளும் குறையுள்ளதுதான். ஆனால் அந்தக் குறை கொடியினுடையது அல்ல. இன்னொன்றின் பருவத்தில் அதைப் பறித்ததால் வந்தது. அதை ஏன் அப்போது பறித்தார்கள்? அதற்கு இன்னொன்றின் பெயர் இருந்ததால். பெயர் நடத்தையைத் தீர்மானித்தது, நடத்தை ருசியைத் தீர்மானித்தது, ருசி பெயரின் தகுதிக்குக் குறைவாக இருந்தது. வட்டம் எங்கும் உடையவில்லை. நேர்மையான மனிதர்கள் மட்டுமே கூடி ஒரு அநியாயத்தை நடத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரை மறைத்துவிட்டுக் குடித்தால் தீர்ந்தது என்று ஒருவர் சொல்லலாம். பெயரை மறைப்பதன் பயன் பெரியது, நான் மறுக்கவில்லை. 1976-ம் வருஷம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கில ஒயின் வியாபாரி நடத்திய சோதனையில், பெயர் மறைத்துக் கொடுத்தபோது பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஷார்டனேக்கும் காபர்னேக்கும் முதலிடம் கொடுத்தார்கள். மறைக்காமலிருந்தால் நேர்ந்திருக்குமா என்று கேட்கவே வேண்டாம். போர்தோவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் ருசியற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே அதன் மணத்தை வர்ணித்தார்கள். கண் மூக்குக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே மறைக்கத்தான் வேண்டும். ஆனால் பெயர் மறைத்த கோப்பை கார்மெனேரைக் காப்பாற்றியிருக்குமா? இராது. மறைத்துக் கொடுத்தாலும் பச்சை நெடி பச்சை நெடிதான். கோப்பைக்கு வருமுன்பே தவறு முடிந்துவிட்டது. பெயர் மறைப்பது பொய்யான புகழைப் பிடிக்கும். பறிபோன பருவத்தைத் திருப்பித் தராது.

ருசியின் அளவுகோல் பற்றி டேவிட் ஹியூம் 1757-ல் வெளியிட்ட கட்டுரையில், டான் கிஹோத்தேயிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். பீப்பாய் ஒயினை ருசித்த இருவரில் ஒருவன் நல்லதுதான், தோல் வாசனை லேசாக இருக்கிறது என்கிறான். மற்றவன் இரும்பு வாசனை என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வாரில் கோத்த பழைய சாவி கிடக்கிறது. கூர்மையான நாக்கு நிஜத்தைத்தான் தொடுகிறது என்பதற்கு ஹியூமின் நிரூபணம் இது. நல்ல நிரூபணம். ஆனால் சிலியில் சாவி பீப்பாயின் அடியில் இல்லை. தோட்டத்தில், ஒரு பூவுக்குள் இருந்தது. நாக்கு எவ்வளவு கூர்மையானாலும் பீப்பாயோடு நின்றுவிடும். நெடியைக் கண்டவன் கூர்மையான ரசிகன்; நெடி எங்கிருந்து வந்தது என்று எழுந்து போய்ப் பார்த்தவன் வேறு ஆள். விமர்சனம் என்ற ஒரே வார்த்தையால் இந்த இருவரையும் குறிப்பது நம் பழக்கம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இந்த நியாயத்தைக் கையில் கொடுத்தால், ஒவ்வொரு பச்சைக்காயும் நான் இனம் தெரியாமல் போன கார்மெனேர் என்று கிளம்பிவிடும். யாப்பை எதிர்பார்த்துப் படித்தவர்கள் புதுக்கவிதையை உடைந்த செய்யுள் என்றபோது, கார்மெனேருக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. அதே வாதத்தின் நிழலில் பிறகு எத்தனை வரிகள் வந்து ஒதுங்கின என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே, தவறாகப் பெயரிடப்பட்டதையும் வெறுமனே பழுக்காததையும் எப்படிப் பிரிப்பது?

ருசியைக் கொண்டு பிரிக்க முடியாது. இரண்டிலும் ஒரே நெடி. பூர்சிகோ ஒயினின் நெடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. நீங்கள் குறை என்பதுதான் இதன் அழகு என்று சொல்லவில்லை. ருசியோடு சம்பந்தமில்லாத ஓர் அடையாளத்தை, எவனும் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைக் காட்டினார். அமைப்பு வேறு என்று முதலில் நிரூபணமாக வேண்டும். அளவுகோலை மாற்றும் உரிமை அதன் பிறகுதான். மாற்றிய பிறகும் சலுகை கிடையாது. பெயர் திரும்பக் கிடைத்ததும் சிலிக்காரர்கள் கார்மெனேரைத் தனியே பிரித்து, அதன் நாள் வரும் வரை கொடியிலேயே விட்டார்கள். நெடி தணிந்து, கரும்பழமும் மசாலாவுமான இன்னொரு ஒயின் வந்தது. ஆனால் இன்றைக்குப் பச்சை நெடி அடிக்கும் கார்மெனேரை ஒருவன் கொடுத்தால் பழியை மெர்லோ மேல் போட முடியாது. சரியான பெயர் மன்னிப்பு அல்ல. இருந்த ஒரே சாக்கையும் அது பறித்துக்கொள்கிறது.

மறுபக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த குச்சிகளை அல்பரீன்யோ என்று நம்பி ஆஸ்திரேலியாவில் நட்டார்கள், நல்ல ஒயின் செய்தார்கள். அது அல்பரீன்யோ அல்ல, பிரான்ஸின் ஜூரா பகுதியின் சவன்யான் என்று 2009-ல் மரபணுச் சோதனை காட்டியது. சந்தேகத்தைக் கிளப்பியவர் இங்கும் பூர்சிகோதான். அதைப் புகழ்ந்தவர்களின் புகழ்ச்சி பொய்யாகிவிட்டதா? ஒயினைக் குடித்துப் புகழ்ந்தவனுடையது ஆகவில்லை. பெயரைக் குடித்துப் புகழ்ந்தவனுடையது மட்டும் ஆயிற்று. யார் எதைக் குடித்தார்கள் என்பது அவரவர்க்குத்தான் தெரியும். தவறான பெயர் வெளிப்படும்போது உண்மையில் சோதனைக்குள்ளாவது ஒயின் அல்ல.

தீர்ப்பில் நேர்மையாக இருந்தால் போதும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மனதில் பட்டதைச் சொன்னேன், பயப்படவில்லை, விலைபோகவில்லை என்பதே விமர்சகனின் முழு ஒழுக்கம் போலாகிவிட்டது. அது குறைந்தபட்சம்; அது இல்லாதவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கொடியைப் பயிரிட்டவர்களுக்கும் பறித்தவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் அந்த நேர்மை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: இதன் பருவம் எது என்ற கேள்வி.