கொக்கு மடித்தவளின் தோழர்கள்

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு 2 வயது. 1955-இல், 12 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவள் மடித்த காகிதக் கொக்குகளைப் பற்றி உலகமே பேசுகிறது. எனக்கோ அவளுடைய வகுப்புத் தோழர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். அழுது ஓய்ந்துவிடவில்லை அவர்கள். அடுத்த மாதமே, தங்கள் ஊரில் கூடிய தலைமை ஆசிரியர்கள் மாநாட்டில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். குண்டுக்குப் பலியான எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்டார்கள். ஜப்பானின் 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. 1958 மே 5, அந்நாட்டுக் குழந்தைகள் தினத்தன்று, சிலை திறக்கப்பட்டது.

ஆசிரியர்களே, குண்டு விழுந்த தேதியைச் சொல்லித்தரும்போது அந்தத் துண்டுப் பிரசுரத்தையும் சொல்லிக்கொடுங்கள். அதைக் கையில் ஏந்தி நின்றவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான்.