பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

அந்தமானில் போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டி லம்பா லைன் என்னும் பகுதி உள்ளது. 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. லம்பா லைன் மட்டும் தன் பழைய பெயரோடு இருக்கிறது. அங்கே வீட்டு வாசலில் நிற்கும் எந்தக் காரும் அந்தத் தீவில் பிறந்ததன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து கப்பலில் வந்து இறங்கியது. அதற்குத் தேவைப்படும் உதிரிப் பாகமும் அப்படியே வரவேண்டும். ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை. மூன்று பக்கமும் உப்புக் காற்று. மனிதனுக்கு இதமான அந்தக் காற்று இரும்புக்குப் பகை.

அங்கே ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 2010-இல் வாங்கிய சிறு கார். குழந்தையைப் பிரசவத்திற்குப் பின் வீட்டிற்குக் கொண்டுவந்ததும், தந்தையை மருத்துவமனைக்கு இறுதியாக அழைத்துச் சென்றதும் அதில்தான். பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்துவிட்டது. கீழ்த்தகட்டில் துரு. பழுது பார்க்கும் செலவு வண்டியின் சந்தை விலையில் பாதி வரும் என்கிறார் மெக்கானிக். மகன் புதிய வண்டி வேண்டும் என்கிறான். தாய்க்கு அந்தக் காரை விட மனமில்லை. குடும்பத்தலைவர் இருவருக்கும் நடுவே நிற்கிறார்.

இதில் ஆன்மிகத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய சோதனைகள் ஒருவர் வாழ்வில் ஓரிரு முறையே வருகின்றன. பற்று, பயம், பிறர் கண், பிறர் நலம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் பேசுவது இத்தகைய சிறிய முடிவுகளில்தான். எந்தக் குரல் எதனுடையது என்று பிரித்தறிவதற்கே விவேகம் என்று பெயர்.

முதலில் கணக்கு. திருவள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆகவே கணக்குப் பார்ப்பது உலகியல் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று பலரும் சொல்வதுண்டு. இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. சந்தை விலை என்பது வேறொருவர் அந்த வண்டிக்குத் தரும் விலை. வைத்திருப்பவருக்கு அது செய்யும் வேலை அந்த விலையில் அடங்காது. எண்பதாயிரம் பெறும் வண்டிக்கு நாற்பதாயிரம் செலவிட்டு, அது இரண்டு ஆண்டு நன்றாக ஓடினால், ஆண்டுக்கு இருபதாயிரம். புதிய வண்டியின் நிலை என்ன? காப்பீட்டுக் கணக்குப்படி ஓராண்டு நிறைவதற்குள் அதன் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கப்படுகிறது. ஐந்தாம் ஆண்டில் பாதி கழிந்துவிடுகிறது. ஆறு லட்சத்திற்கு வாங்கியது முதல் ஆண்டிலேயே தொண்ணூறாயிரத்தை இழக்கிறது. இந்த இழப்புக்கு யாரும் ரசீது தருவதில்லை. ஆதலால் அது வலிப்பதில்லை. மெக்கானிக் தரும் ரசீது வலிக்கிறது.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. தீவில் இரும்பு அரிக்கப்படும் விதத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். உப்பு தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். வெயில் காய்ந்த பின்னும் தகட்டின் மடிப்புகளில் ஈரம் நிற்கும். பெயின்டில் ஒரு கீறல் போதும். துரு அதன் அடியில் புகுந்து பக்கவாட்டில் பரவும். மேலே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலம் போயிருக்கும். இக்காலச் சிறு கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடற்கூடே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. எஞ்சின் கெட்டால் இறக்கி வேலை பார்த்துவிடலாம். கிளட்சு தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஆனால் சக்கரத்தின் தாங்கிகள் பற்றியிருக்கும் இடத்திலேயே தகடு பொடிந்துபோனால், ஒட்டு வைப்பதற்கும் நல்ல இரும்பு மிஞ்சியிருக்காது. அனுபவமுள்ள மெக்கானிக் மேலே பார்ப்பதில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் திருப்புளியால் குத்திப் பார்க்கிறார்.

டிங்கர் வேலைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. துருவை வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்துப் பற்றவைக்காமல், அதன்மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. ஆறு மாதம் பளபளக்கும். ஒரு மழைக்காலம் போனால் கொப்புளம் மறுபடி எழும். பழைய பொருளைப் போற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்பவரும் உண்டு. அவர் காப்பாற்றுவது பொருளை அன்று, தம் பணப்பையை.

சாத்திரம் என்ன சொல்கிறது? கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், உடலை விட்டு உயிர் நீங்குவதற்குப் பழைய ஆடை உவமையாக வருவதை அனைவரும் அறிவர். புதிய பொருள் வாங்கும்போது அதை நினைவூட்டி நகைப்பவர்களும் உண்டு. அந்தச் சுலோகத்தில் ஆடைக்கு அடைமொழியாக வருவது 'ஜீர்ண' என்னும் சொல். நைந்துபோனது, பயன்பட்டுத் தீர்ந்தது என்பது பொருள். அலுத்துப்போன ஆடை என்றோ, பக்கத்து வீட்டார் அணிவதைவிட மங்கிய ஆடை என்றோ அங்கே சொல்லப்படவில்லை. கோயில் திருப்பணிக்கு வழங்கும் சொல்லோ 'ஜீர்ணோத்தாரணம்'. நைந்ததை மீண்டும் தூக்கி நிறுத்துவது என்று பொருள். ஒரே சொல், ஓரிடத்தில் விடுவதற்குக் காரணமாகிறது, மற்றோரிடத்தில் காப்பதற்குக் காரணமாகிறது. கோபுரத்தில் முளைத்த ஆலஞ்செடியைக் களைந்து, விரிசலை அடைத்து, குடமுழுக்குச் செய்வது நம் மரபு. பின்னமான விக்கிரகத்தை நீரில் விட்டுவிட்டுப் புதியதைப் பிரதிஷ்டை செய்வதும் நம் மரபுதான். பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மரத்தாலான திருமேனிகள் 'நவகளேபர' விழாவில் புதியனவாக மாற்றப்படுகின்றன. 1996-இலும் 2015-இலும் அது நடைபெற்றது. ஆகவே பழமை என்பதற்காகவே எதையும் வைத்திருக்க மரபு சொல்வதாக நினைப்பது சரியன்று. கல்லுக்கு ஒரு முறை, மரத்துக்கு ஒரு முறை. பொருளின் இயல்பைப் பார்த்தே மரபு பேசுகிறது.

பழுது பார்க்க ஏற்ற இயல்போடு செய்யப்பட்ட பொருளுக்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் அம்பாசிடர் கார். மேற்கு வங்கத்தில் உத்தரபாராவை அடுத்த ஹிந்த்மோட்டார் ஆலையில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. அதைவிட வேகமானதும் அழகானதும் வந்தன. ஆனால் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அதைத் திறந்து வேலை பார்க்க ஓர் ஆள் இருந்தார். இன்றைய கார்களில் பல பாகங்கள் முத்திரையிட்ட பெட்டிகளாக வருகின்றன. உள்ளே ஒரு சிறு பழுது என்றாலும் பெட்டியையே மாற்ற வேண்டும். அதாவது, பழுது பார்ப்பதா மாற்றுவதா என்ற முடிவின் ஒரு பகுதி ஆலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. உரிமையாளர் மனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

அந்த உத்தரபாராவிலிருந்து கங்கையைக் கடந்தால் தட்சிணேசுவரம் அதிகத் தொலைவில் இல்லை. ராணி ராசமணி எழுப்பிய அந்தக் கோயிலுக்கு 1855 மே 31-ஆம் நாள் பிரதிஷ்டை நடந்தது. பின்னர் ஒரு ஜன்மாஷ்டமிக்கு மறுநாள், கிருஷ்ண விக்கிரகத்தைப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும்போது அர்ச்சகர் கால் இடறி விழ, விக்கிரகத்தின் பாதம் உடைந்தது. பண்டிதர்கள் கூடி, பழையதைக் கங்கையில் விட்டுவிட்டுப் புதியதைச் செய்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஸ்ரீராமகிருஷ்ணரிடம் கேட்டபோது, ராணியின் மருமகன் ஒருவருக்குக் கால் முறிந்தால் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்வாரா, அல்லது வைத்தியம் செய்வாரா என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்த வரலாறு பக்தர்கள் அனைவரும் அறிந்ததே.

இதைச் சொல்லிவிட்டு, 'ஆகவே பழைய காரை மாற்றக்கூடாது' என்று முடிப்பது எளிது, அது தவறு. கார் மருமகன் அன்று. ராணிக்கு அந்த விக்கிரகம் ஒரு பொருளாக இருக்கவில்லை, ஓர் உறவாக இருந்தது. அந்த உறவை நினைவூட்டியதுதான் குருதேவரின் கேள்வி. வண்டியோடு அத்தகைய உறவு இருப்பதாகத் தாய் நினைத்தால், அந்த உறவு உண்மையில் யாரோடு என்று பார்க்க வேண்டும். அரசர் மிலிந்தர் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் வினவியதாகப் பௌத்த நூலில் வருகிறது. பதினைந்து ஆண்டில் நான்கு டயரும் பலமுறை மாறின, பேட்டரி மாறியது, இருக்கைத் துணி மாறியது, பாதிக் கதவு மாறியது. தந்தை அமர்ந்த கார் இப்போது எந்தப் பாகத்தில் இருக்கிறது? தாயின் நினைவில் இருக்கிறது. தகடு போனாலும் அது போகாது.

அந்த வரலாற்றில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் கருத்துச் சொன்னதோடு நிற்கவில்லை. உடைந்த பாதத்தைத் தம் கையாலேயே ஒட்டினார். ஒட்டிய இடம் தெரியாத அளவுக்கு அது நேர்த்தியாக அமைந்தது. பாவனை மட்டும் இருந்து திறன் இல்லாமற்போயிருந்தால் அந்தக் கேள்வி வெறும் சாதுரியமாகப் போயிருக்கும். பழையதைக் காப்பேன் என்பவருக்கு அதைச் சரியாகக் காக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பிரேக் குழாயை மாற்றாமல் அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போடுபவரிடம் இருப்பது பற்று என்றுகூடச் சொல்ல முடியாது; அது சோம்பல்.

இங்கேதான் இரண்டு யமங்கள் எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றுகின்றன. அபரிக்ரகம், தேவைக்கு மேல் சேர்க்காதே என்கிறது; பழைய வண்டி பக்கம் பேசுகிறது. அஹிம்சையோ தெருவில் நடப்பவரின் பக்கம் பேசுகிறது. லம்பா லைன் சாலையில் பள்ளிக் குழந்தைகள் நடக்கிறார்கள். தீவின் தெருக்களோ ஏற்ற இறக்கம் மிக்கவை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால், உரிமையாளரின் எளிமைக்கு விலை கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். பழைய எஞ்சின் உமிழும் புகையும் அப்படியே. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் புதிய வண்டிகளுக்குக் கடுமையான புகை விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆனால் புதிய கார் ஒன்றை உருவாக்க வெட்டப்படும் தாதும் எரிக்கப்படும் நிலக்கரியும் எங்கோ ஒருவர் காற்றைக் கெடுக்கவே செய்கின்றன. அது தீவில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடும் வண்டியை மாற்றுவதால் காற்றுக்கு நன்மை விளையும் என்பது ஐயத்திற்குரியது. நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டியின் நிலை வேறு. ஆனால் பிரேக், திசைதிருப்பி, தாங்கும் தகடு ஆகிய மூன்றில் சமரசத்திற்கு இடமே இல்லை. அவற்றை உறுதியாகச் சீர்செய்ய முடியுமானால் செய்யலாம். முடியாதெனில், எத்தனை அன்பான வண்டியானாலும் அதன் காலம் தீர்ந்தது.

சட்டமும் ஏறத்தாழ இதையே பார்க்கிறது. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டு. பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025-இல் மேலும் கூட்டப்பட்டது.

தேவை வளர்ந்துவிட்டதால் மாற்றுவது தனி வகை. லம்பா லைன் அருகிலுள்ள விமான நிலையத்துக்கே 2023 ஜூலை 18-ஆம் நாள் சிப்பி வடிவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. பழையது இடிந்துவிட்டதால் அன்று, வருவோர் பெருகியதால். குடும்பத்தில் சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர் ஒருவர் சேர்ந்தால், நல்ல நிலையிலுள்ள சிறு காரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். தேவை குறைந்திருந்தால், காரே வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்கலாம். அபர்டீன் பஜாருக்குப் பேருந்து போகிறது.

மகனின் குரலைப் பற்றியும் ஒரு சொல். இளைஞன் புதியது கேட்பதெல்லாம் ஆடம்பரம் என்று முத்திரையிடுவது முதியோரின் வழக்கம். அவன் அஞ்சுவது நண்பர்களின் கேலிக்கா, அல்லது இரவில் மழையில் வண்டி நின்றுபோனதற்கா? கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவனையும் ஒருநாள் பட்டறைக்கு அழைத்துச் சென்று, தூக்கி நிறுத்திய வண்டியின் அடியைப் பார்க்க வைத்தால், வீட்டுச் சண்டையில் பாதி குறையும். தாயும் வந்து பார்ப்பது நல்லது.

மாற்றுவதென்று முடிவாகிவிட்டால், பழைய வண்டி என்ன ஆகும்? பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இத்தகைய வண்டியை வாங்க வருபவர், புதியதற்கு வசதியில்லாதவர். ஆறு மாதம் முன் அடித்த பெயின்ட் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்; அடித்தகடு தெரியாது. 'என் குடும்பம் ஏற அஞ்சும் வண்டி இது' என்று மனத்துள் தீர்மானித்துவிட்டு, அதே வண்டியில் இன்னொரு குடும்பத்தை ஏற்றி அனுப்புவது எவ்வகை அறம்? குறையை ஒன்றுவிடாமல் சொன்னால் விலை குறையத்தான் செய்யும். அப்படிக் குறையும் தொகை, சொல்லாதிருந்தால் அந்த ஏழையின் பையிலிருந்து வந்திருக்கும். யமங்களில் அஸ்தேயம் என்று ஒன்று உண்டு. பிறர் பொருளை எடுக்காமை.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார், பெருக்கி முடித்த துடைப்பத்தை ஒருவர் அலட்சியமாக வீசியதைக் கண்டு, அதற்கும் உரிய மரியாதை உண்டு, அதை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று உணர்த்தினார். ஓடித் தீர்ந்த காரின் இடம் எது? தீவில் எஃகு ஆலை இல்லை. மழைக்காட்டின் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனால் எண்ணெயும் பேட்டரி அமிலமும் மண்ணில் இறங்கும். 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்று தருகிறார்கள். புதிய வண்டியின் வரியில் சலுகை பெற அது உதவும். ஓடும் நிலையிலுள்ள பாகங்களைக் கழற்றினால் அதே வகை வண்டி வைத்திருக்கும் பிறருக்குப் பயன்படும்; கப்பலுக்குக் காத்திராமல் உள்ளூரிலேயே அவை கிடைப்பது தீவில் பெரிய உதவி. மிஞ்சும் தகடு, வந்த வழியே கடலைக் கடந்து உருக்காலைக்குப் போக வேண்டும். அதற்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை நீக்கியாக வேண்டும்; இல்லையெனில் உடைந்துபோன வண்டி ஏட்டில் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.