வெள்ளக் கோடு

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் 1000 கார், வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு என் கைக்கு வந்தது. தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்த அவர் அதை யாரோ ஒரு துரையின் கிளாக்கரிடம் வாங்கியிருந்தார். லயங்களிலிருந்து இரவில் பிரசவ வலியோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் பலர் அதன் பின் சீட்டில்தான் போனார்கள். இப்போது மகளின் படிப்புச் செலவுக்காக அதை விற்க வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. கொழும்பிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னவர் தொலைபேசியில் முதலில் கேட்டதே, "எல்லாம் ஒரிஜினலா சேர்?" என்பதுதான்.

இந்தக் காரின் டேஷ்போட் இரும்புத் தகடு. நடுவில் ஸ்பீடோமீற்றர், இரு பக்கமும் சாமான் வைக்கும் இரண்டு பெட்டிகள். தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. பெயின்ற் அடித்தால் போதும். தகட்டுக்குப் பின்னால் பெட்டியாக மடித்து வைத்திருப்பது வெறும் தடித்த அட்டை. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் எங்கள் பக்கத்தில், கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் காய்ந்து வெடித்தால் தண்ணீர் நேராக அந்த அட்டைக்குத்தான் இறங்கும். அது ஊறும், உப்பும், பொடிப்பொடியாக உதிரும்.

ஒரு போயா விடுமுறையில் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் பெற்றரியைக் கழற்றினோம். இந்தக் காரில் பொசிட்டிவ் பக்கம்தான் உடலோடு இணைந்திருக்கும், நெகட்டிவ் அல்ல. தெரியாத மெக்கானிக்மார் இதில் சூடு கண்டிருக்கிறார்கள். நூல் சுற்றிய வயர்களை ஒதுக்கிவிட்டுப் பழைய பெட்டியை உடையாமல் வெளியே எடுக்கவே ஒரு மணித்தியாலம் போயிற்று. அதை விரித்து, புதிய அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, மடிக்க வேண்டிய இடத்தில் கத்தியின் முதுகால் கோடிழுத்தேன். கத்தியின் வாயால் இழுத்தால் மடிக்கும்போது அட்டை பிளந்துவிடும்.

பழைய பெட்டியின் உள்ளே, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, மண்ணிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. 2003 மே 17 வெள்ளம் அது. கார் அன்று இரத்தினபுரி டவுனில் மாமா வீட்டில் நின்றது. களுகங்கை பெருகி வந்து காருக்குள் அதுவரை ஏறியது. வெள்ளம் வடிந்த பின் வாப்பா ஒயிலை மாற்றினார், டைனமோவைக் கழற்றி வெயிலில் காய வைத்தார், சீட்டெல்லாம் பிரித்துத் தைத்தார். இந்த அட்டையை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே வைத்தார்.

புதிய பெட்டி நன்றாகவே வந்தது. ஆனால் பழைய தகட்டுக்குள் அது பளிச்சென்று நின்றது. நான் உம்மாவிடம் கடும் சாயம் ஒரு சட்டி கேட்டு வாங்கி, துணியில் தோய்த்துப் பூசத் தொடங்கினேன். இரண்டாம் பூச்சிலேயே அறுபது வருடம் ஏறிவிட்டது. என் கைவண்ணத்தில் நானே மயங்கி நின்றபோது மகன் கேட்டான்: "வாப்பா, புதுசுக்கு ஏன் சாயத்தண்ணி பூசுறீங்க?"

பழைய நிறத்தோடு பொருந்துவதற்கு என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அன்றிரவு தூங்க முடியவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தீசியஸின் கப்பலைப் பற்றி எங்களுக்கு ஒரு விரிவுரை நடந்தது. பலகையைப் பலகையாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா என்ற பழைய கிரேக்கக் கேள்வி. அன்று சூடாக விவாதித்தோம். இன்று எனக்கு அது வேலையில்லாதவர்களின் கேள்வியாகவே படுகிறது. அட்டையை மாற்றியதால் இது வாப்பாவின் கார் இல்லையென்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்துக் கொண்டுபோனார். இங்கே தட்டிய தகடு அங்கே ஆங்கிலேயனின் காரில் ஏறியது. புதிதாகச் செய்தது என்று சொல்லியே விற்றதால் அதில் களவில்லை. எவ்வளவு மாறியது என்பதை விட, மாறியது யாருக்குத் தெரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரத்தினபுரியில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் கலங்கிய கெவுடக் கல்லை ஒரு காலத்தில் நம்மவர்கள் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அள்ளிக்கொண்டு போய் 1,500 பாகைக்கு மேல் சூடு காட்டி நீலமாக்கினார்கள். பின்னர் நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள். சூடு காட்டிய கல் பொய்க் கல் அல்ல. அந்த நீலம் கல்லுக்குள் இருந்ததுதான். ஆனால் சூடு காட்டாத கல்லென்று சொல்லி அதை விற்றால் அது மோசடி. கல் ஒன்றுதான். இடையில் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டதா, விழுங்கப்பட்டதா என்பதே வித்தியாசம்.

நான் விழுங்கப் பார்த்த வாக்கியம் சின்னதல்ல. மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் உட்குழிவான தகடுகள்தான் உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. அதற்குள் சேறு புகுந்தால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ற் பளபளக்கும். வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று சொல்ல இந்தக் காரில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்த அட்டைக் கோடு. அதைக் கழற்றிய கையோடு, அப்படியொன்று இருந்ததே இல்லை என்று சொல்லும் ஒரு பொய்ச் சாட்சியையும் சாயத்தில் தோய்த்து நான் நிறுத்தியிருந்தேன்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அந்த நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். இத்தனை வருடமாக நான் கவனிக்காத ஒன்று: அந்த மனிதர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மழையும் அவர் குற்றமல்ல. எதை மேலே வைத்தார், எதை அடியில் வைத்தார், அவ்வளவுதான்.

பாடசாலையில் வரவு இடாப்பில் பிழை விட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சிற்றொப்பம் வைக்க வேண்டும். பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். பழைய கட்டடங்களைப் பேணுவதற்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது: புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே வேளை மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இடாப்பில் செய்வதை என் வீட்டு முற்றத்தில் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

மிச்சமிருந்த அட்டையில் இன்னொரு பெட்டி வெட்டினேன். சாயம் பூசவில்லை. பின்புறத்தில் மாற்றிய திகதியையும் வெள்ளத்தையும் பேனையால் எழுதினேன். எழுதி முடித்ததும் சிரிப்பு வந்தது. டேஷ்போட்டைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில் உண்மையை எழுதுவதும் ஈரத்தை அடியில் வைப்பதுதானே! அதனால் கொழும்பு மனிதர் வந்தபோது, அவர் கதவைத் திறக்குமுன் பழைய பெட்டியை பொனட்டின் மேல் வைத்து, கோட்டைக் காட்டிச் சொன்னேன். உம்மா ஜன்னலுக்குள் இருந்து என்னை முறைத்தது தெரிந்தது.

அவர் ஒன்றும் பேசாமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்தார். ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். இடது பக்கம் ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது, எனக்கும் கேட்டது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு ஒரு விலை சொன்னார். முதலில் பேசியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போகும்போது பொனட்டில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதையும் சேர்த்துத் தருவீங்களா சேர்?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழைய பெட்டி இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.