பார்வையின் பொறுப்பு

பறவை பார்க்கிறவன் தன்னை நிரபராதி என்று நம்புகிறான். அவன் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. பார்க்கிறான், பட்டியலில் குறித்துக்கொள்கிறான், மலையிறங்கி வந்துவிடுகிறான். பார்வை அவ்வளவு குற்றமற்றதா என்பதே கேள்வி.

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே நிற்கும் பழனிமலையின் உயரங்களில் பழனிச் சிலப்பன் என்றொரு பறவை உண்டு. 1869இல் பிளான்ஃபோர்டு அதை விஞ்ஞானத்துக்கு அறிமுகம் செய்தபோது, அங்கே பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயரை அதற்கு வைத்தார். அந்நாளில் அறிதல் என்பது சுடுதல். தோலை உரித்துப் பஞ்சடைத்துச் சீட்டுக் கட்டிய பிறகே பறவைக்குப் பெயர். இன்று துப்பாக்கி இருந்த கையில் பைனாகுலர். இதை அறத்தின் வளர்ச்சி என்று கொள்ள நமக்கு ஆசைதான்.

ஆனால் அந்தத் துப்பாக்கிகளுக்குத் தப்பிச் சிலப்பன் இன்றும் பாடுகிறது. அழிந்தது புல்வெளி. நாற்பதாண்டுகளில் பழனிமலையின் உயர்நிலப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த இடத்தில் வாட்டில், பைன், தைலமரம். காய்கறி விளையும் வயல்கள். இதற்கு யாரும் வன்மம் கொள்ள வேண்டியிருக்கவில்லை. மரமில்லாத நிலம் தரிசு என்று கண்ணுக்குப் பட்டது, நட்டார்கள். அவ்வளவே.

வெயிலில் காயும் சமவெளிக்காரனுக்கு மரம் என்றாலே புண்ணியம். அதில் பொய்யில்லை. சாலையோரப் புளியின் நிழல் அவனுக்கு அறத்தின் வடிவமே. அந்தப் புண்ணியம் மலையேறியபோது வன்முறையாயிற்று. தனக்குரிய நிலத்தைவிட்டுப் பெயர்ந்த நல்லெண்ணம், தான் நல்லெண்ணம் என்பதாலேயே தன்னைச் சந்தேகிப்பதில்லை.

நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை தென்மேற்கு மலைகளின் உயர்ந்த புல்வெளிகளில் மட்டுமே வாழ்கிறது. மண்ணின் நிறம்; கண்ணைக் கவரும் அலங்காரம் ஏதும் இல்லை. அதைக் காண விரும்புகிறவன் முதலில் புல்லைக் காணவேண்டும். வாட்டில் காட்டின் பசுமையில் மனம் நிறைந்து திரும்புகிறவன் அதைத் தேடவும் மாட்டான், அது இல்லாததை உணரவும் மாட்டான்.

எனவே குற்றம் கையோடு முடிந்துவிடுவதில்லை. இது காடு, இது வெற்றிடம் என்று கண் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. கை பிறகுதான் வருகிறது. கண்ட பறவைகளுக்குப் பட்டியல் உண்டு. கண் வெறுமை என்று ஒதுக்கியவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கும்போதுதான் பார்த்தல் ஓர் அறச்செயலாகிறது.